குதுப்மினாரில் பூட்டிய கதவு

வெள்ளிக்கிழமைக் குறிப்பு: காரைக்கால் பேருந்து, வரிச்சிக்குடி தாண்டி. முன் இருக்கையில், டெல்லி பார்த்துவிட்டுத் திரும்பும் கணவனும் மனைவியும்.

“வாப்பா மொகத்துல எப்படி முழிக்கிறது?” என்றார் கணவர். “குதுப்மினார் உச்சியில நின்னு தொழுகைக்குப் பாங்கு சொன்னேன்னு பேரப்புள்ளைவள்ட்ட இன்னமும் பெருமை அடிக்கிறாங்க. அங்க கதவே பூட்டிக் கெடக்கு.”

“எப்ப பூட்டுனாங்களாம் மச்சான்?”

“ரொம்ப வருஷமாச்சுன்னாரு காவலாளி. வாப்பா போனதுக்கு முந்தியா பிந்தியான்னு தெரியல. எந்த வருஷம் போனீங்கன்னு அவங்கள்ட்டயே கேட்டுரவா?”

“வாயத் தொறக்காதீங்க.”

“நீ ஏறுனியாடான்னு கேப்பாங்களே?”

“கால் வலிக்குதுன்னு சொல்லுங்க. பொய்யில்ல. கீழ இருக்குற பள்ளிவாசல் பூரா சுத்துனோம்ல.”

அவர் சிரித்துவிட்டார்.

மினாரை மூடிய ஆண்டு புத்தகங்களில் இருக்கிறது. பெரியவர் டெல்லி போன ஆண்டு எனக்குத் தெரியாது. அவர் ஏறினாரா என்பது சரிபார்க்கப்படவில்லை.