குருவி பாடாத இடம்

ஆரியசாலையில் நெடுமங்காடு பஸ் கிளம்பக் காத்திருந்தது. எனக்கு முன் ஸீட்டில் இருந்த மர வியாபாரி சொன்னார்: “குருவி பாட்டுக் கேக்கதுக்குன்னு ஒருத்தன் காட்டுக்கு வருவானாவே? எனக்கு நம்பிக்கையில்லை.”

பக்கத்தில் இருந்தவர், காட்டில் அவருக்காக மரவெட்டு வேலையைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி.

“போன வருசமும் இதே மாதிரி கூடு கட்டுற மாசத்திலதான் வந்தான், அண்ணாச்சி. விடியக்காலம் ஒவ்வொரு இடமா நிண்ணு, எத்தனை குருவி பாடுதுன்னு நோட்டில எழுதுகான்.”

“மரத்தப் பத்தி ஏதாவது கேட்டானா?”

“ஒரு வார்த்தை கேக்கல்லை.”

“அதான் எனக்குச் சந்தேகம். சர்க்கார் ஆளாத்தான் இருப்பான்.”

ஒட்டுக் கேட்பது தெரியாமலிருக்க நான் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

“நோட்டை எட்டிப் பாத்தேன். காட்டைப் படமா வரைஞ்சு வச்சிருக்கான். போன வருசம் குருவி பாடின இடத்தில இந்த வருசம் சத்தமில்லைன்னா, அங்க சிவப்புப் பென்சிலால ஒரு வளையம். பெரிய மரம் இல்லேன்னா அந்தக் குருவி கூடு வைக்காதாம்.”

“நாம ஏலம் எடுத்து வெட்டின இடந்தானே? வளையம் போடட்டும்.”

“ஓடைக்கு அந்தப் பக்கமும் போட்டிருக்கான், அண்ணாச்சி.”

வியாபாரி சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அது நம்ம ஏலத்திலயே இல்லையேவே! அடிக்கட்டையெல்லாம் மண்ணு போட்டு மூடியாச்சுன்னு சொன்னீரே?”

“மூடியாச்சு. அவன் கட்டையை எங்க பாத்தான்? கண்ணை மூடிக்கிட்டுல்லா நிண்ணான்.”