ஒழுகாத லாரி

— இன்னொரு தடவை பார்த்துடுங்க அண்ணி. நாளைக்கு வாங்கறவன் வந்து ஓட்டிப் பார்க்கறப்போ சூட்டு முள்ளு சிவப்புல போய் நின்னா, லாரியை நம்ம தலையிலயே கட்டிட்டுப் போயிடுவான்.

— எத்தனை தடவைதான் பார்க்கறது தம்பி? ரேடியேட்டர்ல காத்தை ஏத்தி அடைச்சு வெச்சேன், காத்து இறங்கல. ஓஸ் பைப் எல்லாம் காய்ஞ்சு கிடக்கு. ஆயில்ல தண்ணி கலக்கல. சைலன்சர்ல வெள்ளைப் புகை இல்ல. இந்த என்ஜினைப் பிரிச்சுக் கோத்தவ நான். இது ஒழுகல.

— ஒழுகாம எங்கதான் போகுது? என்னத்தச் சொல்ல... ராத்திரி ரேடியேட்டர் கழுத்து வரைக்கும் கூலன்ட் ஊத்திட்டுப் படுக்கறேன். விடிஞ்சு மூடியைத் திறந்தா அடியில கிடக்கு.

— நிறுத்தி வெச்சிருக்கும்போதா குறையுது? இவ்வளவு நாளா ஏன்டா சொல்லல?

— சொன்னா சிரிப்பீங்க. லாரியை வித்துடலாம்னு நாம பேசினோமே, அன்னியிலேருந்துதான்.

— ஷட்டரை இழுத்து விடு. நேத்து சாயங்காலம் கூலன்ட்ல ஒரு சாயம் கலந்து விட்டிருக்கேன். வெளிச்சத்துல தெரியாது. இருட்டுல இந்த ஊதா டார்ச்சை அடிச்சா, அது பட்ட இடமெல்லாம் மஞ்சளா மின்னும்.

— பட்டப்பகல்ல இந்த ஷெட் இவ்வளவு இருட்டாகும்னு நெனைக்கல. என்னத்தச் சொல்ல, கால் வெக்கற இடமே தெரியல.

— வாயை மூடிட்டுக் கூட வா. ஓஸ், சுத்தம். பம்பு, சுத்தம். குனி. அடியில தண்ணி வடிக்கிற குழாய்... மஞ்சள்.

— அட, இவ்வளவுதானா! திருகு லூசு!

— இறுக்கமா இருக்கு. யாரோ திறந்து, வேணுங்கறதைப் புடிச்சுக்கிட்டு, திரும்ப மூடியிருக்காங்க. தரையைப் பாரு. சொட்டு வரிசையாப் போகுது.

— டிரைவர் கதவுக்கு... அண்ணி, கதவுல கை அச்சு! கூலன்ட்டைக்கூடவா திருடுவானுங்க?

— ஷெட்டுக்கு ஒரே சாவி. நீ பூட்டிக் குடுத்ததுலேருந்து ராத்திரி பூரா என் தலையணைக்கடியில இருந்துச்சு. மோதிர விரலைப் பாரு.

— பாதிதான் பதிஞ்சிருக்கு.

— ஃபேன் பெல்ட் கடிச்ச விரல். நான்தானே கட்டுப் போட்டேன்.

— வேணாம் அண்ணி. அண்ணனுக்கு நம்ம கையால மண்ணு போட்டு ஒரு வருஷமாச்சு.

— நகரு, கதவைத் திறக்கறேன். சீட்டுக்குப் பின்னால என்ன, அவர் குடிதண்ணி கேனா? இதை இன்னுமா வெச்சிருக்கே?

— தூக்கிப் போட மனசு வரல. அன்னிக்கு லாரி சூடாகி நடுரோட்டுல நின்னப்போ, இதுல இருந்ததைத்தானே ரேடியேட்டர்ல ஊத்தினார்.

— நான் போன்ல சொல்லி. சொட்டு மிச்சம் வைக்காம ஊத்துங்க, அடுத்த ஊர் வந்துடலாம்னு.

— உங்களை யாரு குத்தம் சொன்னா? லாரி கிளம்பும்னுதானே சொன்னீங்க. கிளம்பல. அந்த வெயில்ல அவர் நடந்திருக்கக் கூடாது.

— தொண்டையை நனைக்க ஒரு வாய் இல்லாம நடந்தார் தம்பி. அதை நினைச்சா எனக்கு இன்னும் சோறு இறங்கல. கேன் காலியாத்தானே இருந்துச்சு?

— சத்தியமா காலி.

— தூக்கு.

— கனக்குது... பாதிக்கு இருக்கு. எல்லாம் மஞ்சளா மின்னுது அண்ணி! கேன் வாயைச் சுத்தி, உதடு பட்ட மாதிரி...

— தெரியுது. கீழ வை. மெதுவா.

— இப்ப என்ன பண்றது? காலையில ஆள் வந்துடுவானே?

— வர வேணாம்னு சொல்லிடு. கூலன்ட் விஷம். ஒரு பொட்டு விடாம வடிச்சுட்டு, குடிக்கிற தண்ணியா ஊத்து.

— வெறும் தண்ணி ஊத்தினா உள்ளெல்லாம் துரு ஏறி என்ஜினே போயிடும்னு நீங்கதானே திட்டுவீங்க!

— போனா போகட்டும். காய்ச்சி, ஆறவெச்சு ஊத்து தம்பி. பச்சைத்தண்ணி அவருக்கு ஒத்துக்காது.