மூன்று முகப் பெட்டி

வங்கிக்கு வருகிறவர்களுக்கு நாற்காலி பிடிக்கும், அதில் உட்காரத்தான் பிடிக்காது. நாற்காலி இல்லையென்றால் கோபம். உட்காருங்கள் என்று சொல்லிவிட்டால் அதைவிடக் கோபம். உட்காரச் சொன்னால் நேரமாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு வருடம் பிடித்தது. சற்று முன் நீங்கள் என்னை உட்காரச் சொன்னபோதுகூட உள்ளுக்குள் சிரிப்பு வந்துவிட்டது சார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் விசாரணைக்கு வந்திருப்பது அந்தச் சங்கீத டீச்சரின் பணத்தைப் பற்றிக் கேட்க. கண்டிப்பாகச் சொல்கிறேன். ஆனால் அதை மட்டும் சொன்னால் நான் ஏதோ கவனக்குறைவான ஆள் என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறேன்.

எனக்கு வரவேற்பு மேசை. கண்ணாடிக் கதவு திறந்ததும் முதலில் தெரிகிற முகம் என்னுடையது. "வாங்க, வாங்க" என்று சொல்லிச் சொல்லியே கிளையில் எல்லோருக்கும் நான் 'வாங்க மேடம்' ஆகிவிட்டேன். மனிதர்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று என்னைக் கேளுங்கள். நூலால் கட்டிப்போட்ட பேனா பிடிக்காது, ஏதோ திருட வந்தவரைப் போல உணர்கிறார்கள். "சர்வர் வேலை செய்யலை" என்ற வாக்கியம் பிடிக்காது. போன மாதம் கொடுத்த நகலையே இந்த மாதமும் கேட்டால் பிடிக்காது. பிடிப்பது ரொம்பச் சின்ன விஷயங்கள். கணினியிலிருந்து தலையை நிமிர்த்த வேண்டும். பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். "பொண்ணுக்குப் பரீட்சை முடிஞ்சிடுச்சா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், வட்டி எவ்வளவு என்றே கேட்க மாட்டார்கள்.

வீட்டில் எனக்கு இந்தச் சுகம் கிடையாது. என் கணவர் நல்லவர். பதினேழு வருடமாக நான் சமைத்ததைச் சாப்பிடுகிறார். "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டால் "ம்" என்பார். உப்பே போடாமல் ஒருநாள் வைத்துப் பார்த்தேன். அன்றைக்கும் "ம்" தான்.

இந்த நிலையில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து பெட்டிகள் வந்தன. உள்ளங்கை அகலம், ஒவ்வொரு கவுண்டருக்கும் ஒன்று, என் மேசைக்கும் ஒன்று. அதில் மூன்று முகம். சிரிக்கிற பச்சை, வாயைக் கோடாக வைத்த மஞ்சள், உதட்டைப் பிதுக்கிய சிவப்பு. வேலை முடிந்து போகிறவர் ஒன்றை அமுக்கிவிட்டுப் போகலாம். மாலையில் எண்ணிக்கை அவரவர் திரைக்கு வந்துவிடும்.

முதல் நாள் எனக்கு அறுபத்து மூன்று பச்சை. சார், அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பேருந்தில் என் நிறுத்தத்தைத் தாண்டி நாலு நிறுத்தம் போய்விட்டேன். இறங்கித் திரும்பி நடந்தேன், நடந்தேன் என்று சொல்வதுகூடத் தப்பு, மிதந்தேன். வழியில் இருந்த பல் மருத்துவமனை, டயர் கடை, தையல் கடை எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனேன். டயர் கடைக்காரர் பயந்துபோய் உள்ளே போய்விட்டார். அறுபத்து மூன்று பேர் என்னைப் பிடித்திருக்கிறது என்று கையால் சொல்லியிருக்கிறார்கள். என் கல்யாணத்துக்கு வந்தவர்களில்கூட அத்தனை பேருக்கு என்னைப் பிடித்திருக்காது.

பிரச்சினை இரண்டாம் கவுண்டர். அங்கே இருந்த காசாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சரிபார்'. ஐம்பத்தெட்டு வயது, மனைவி இல்லை, மகள் வேறு ஊரில். மூச்சிரைப்பு உண்டு. வாயில் அடிக்கும் மருந்துக் குப்பியை மேசை இழுப்பறையில் வைத்திருப்பார். யார் என்ன நீட்டினாலும் "ஒருதடவை சரிபாத்துடுங்க" என்பார். தேதியில் ஒரு எண்ணை அடித்துத் திருத்தியிருந்தால் புதுப் படிவம். கையெழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தால் திரும்பப் போடச் சொல்வார். வயதானவர்கள் பெரிய தொகை எடுக்க வந்தால் போதும், கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர் மாதிரி விசாரிப்பார். "யாருக்கு அனுப்பறீங்க? அவங்களை நேர்ல பாத்திருக்கீங்களா? போன்ல யாரு?"

ஒருநாள் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் காதில் போனோடு வந்தார். மொத்தச் சேமிப்பையும் உடனே ஒரு கணக்குக்கு அனுப்ப வேண்டுமாம், இல்லாவிட்டால் கைது செய்துவிடுவார்களாம். சரிபார் கண்ணாடிக்கு அடியில் கையை விட்டு, அந்த போனை வாங்கி, அணைத்து மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"ஐயா, இன்னைக்கு அனுப்ப மாட்டேன். வீட்டுக்குப் போய் உங்க பையனைக் கூட்டிட்டு வாங்க."

"என் பணம்யா அது. நீ யாரு கேக்க?"

"உங்க பணந்தான். அதான் கேக்கறேன்."

ஓட்டுநர் சிவப்பை அமுக்கினார். ஒருமுறை அல்ல, பதினோரு முறை. நான் எண்ணினேன். அடுத்த வாரம் மகனோடு வந்து சரிபாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், தப்பித்தேன் என்றார். அழுதுவிட்டு அப்படியே போய்விட்டார். பச்சையை அமுக்கவில்லை. வாயால் சொல்லும் நன்றியைப் பெட்டி எடுத்துக்கொள்ளாது சார்.

அந்த வருடம் இந்தப் பெட்டிகளின் எண்ணிக்கையை வைத்து வட்டாரத்தில் காலாண்டுக்கு ஒருமுறை தரும் 'மனம் கவர்ந்த கிளை' விருதில் இரண்டு முறை இரண்டாம் இடம் வந்தோம். டீ குடிக்கும்போது மேலாளர் சொன்னார்: "ரெண்டாம் கவுண்டர் மட்டும் இல்லைன்னா நாமதான் முதல்." எல்லோரும் சிரித்தோம். சரிபாரும் சிரித்தார், சிரித்து இருமினார். வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அது முழுக்கச் சரியாக இருந்தது.

நான் உடனே எதுவும் செய்துவிடவில்லை. நியாயமானவள் நான். முதலில் அவரிடமே பேசினேன். சாயங்காலம், வாசற்படியில்.

"சார், கொஞ்சம் சிரிச்சுப் பேசினா என்ன? கேள்வி கேக்காம அனுப்பிட்டா என்ன?"

"கேள்வி கேட்டாத்தான்மா அவங்க கொஞ்சம் யோசிப்பாங்க."

"யாரும் யோசிக்கறதுக்கு பேங்குக்கு வர்றதில்லை சார்."

 செருப்பை மாட்டிக்கொண்டு, ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வது போலச் சொன்னார்: "உன்னைப் பாத்தாத்தான் எனக்குப் பாவமா இருக்கு தங்கச்சி. காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கே. அதான் தினமும் வீட்டுக்குப் போறப்ப உன் பெட்டியில ஒரு பச்சை அமுக்கிட்டுப் போறேன்."

தினமும் என்றார் சார். ஏழு மாதமாக.

அன்று இரவு தூக்கமே இல்லை, அவமானத்தால் அல்ல, கணக்கால். என் அறுபத்து மூன்றில் ஒன்று பொய். இன்னொரு நாள் வாங்கிய நூற்று நான்கில் ஒன்று பொய். நல்ல பாலில் ஒரு சொட்டு தண்ணீர் என்றால் எந்தச் சொட்டு என்று எப்படிப் பிரிப்பது? நான் வாங்கிய ஒவ்வொரு பச்சையும் அவருடையதாக இருக்கலாம் என்று ஆகிவிட்டது. வாடிக்கையாளர்கள் அன்பாகக் கொடுத்ததை ஒரு மனிதர் இரக்கப்பட்டுக் கெடுத்துவிட்டார். மறுநாள் காலை இதற்கு என்ன வழி என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததும் மனசு அவ்வளவு லேசாகிவிட்டது. குளிக்கும்போது பாடினேன். என் கணவர் கதவைத் தட்டி "உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார். பதினேழு வருடத்தில் அவர் என்னைக் கேட்ட மிக நீளமான கேள்வி அது.

மூன்று நாள் விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. வாடிக்கையாளர்கள் எல்லோரும் போய், கதவு பாதி சாத்தியாகிவிட்டது. காசாளர்களின் கைபேசிகள் வழக்கம்போல மேலாளர் அறைப் பெட்டியில் இருந்தன. சரிபாரிடம் போய், "சார், ஒரு பெரியம்மாவோட பழைய கையெழுத்து அட்டை வேணும். செவ்வாய்க்கிழமை காலையிலயே வந்துடுவாங்க. கோப்பு அறையில யாருக்கும் தேடத் தெரியலை" என்று ஒரு பேரையும் சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் செவ்வாய் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பார்கள். அவர் பேனாவை மூடிவிட்டு எழுந்தார்.

கோப்பு அறை கீழ்த்தளத்தில். இரும்புக் கதவு, தானாகச் சாத்திக்கொண்டால் உள்ளிருந்து திறக்காது. அதனால் எப்போதும் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருப்பார்கள். முப்பது வருடத் தூசி. சன்னல் கிடையாது. அவருடைய மருந்துக் குப்பி மேலே இழுப்பறையில் இருந்தது. நான் அதைத் தொடவே இல்லை, இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

காவலாளி, "எல்லாரும் கிளம்பியாச்சா மேடம்?" என்றார். ஆச்சு என்றேன். வீட்டுக்குப் போனதும் சரிபாரின் மகளிடமிருந்து போன். அவசரத்துக்கு என்று அவர் கொடுத்து வைத்திருந்தது என் எண்ணையாம்.

"அக்கா, அப்பா போனை எடுக்கவே மாட்டேங்கறார்."

"யாரோ பழைய நண்பரைப் பாக்கப் போறதா சொன்னாரும்மா. போனைப் பேங்க்லயே மறந்துட்டார் போல."

"அப்படியா? நீங்க சொன்னதும்தான் உயிரே வந்துச்சுக்கா. ரொம்ப நன்றி."

எவ்வளவு மரியாதையான பெண். ஒரு பெட்டி இருந்திருந்தால் நிச்சயம் பச்சை அமுக்கியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளே நேரில் வந்து, பூட்டிய வீட்டைப் பார்த்து, மேலாளரைக் கூப்பிட்டாள். வங்கியில் தேடி, கோப்பு அறையைத் திறந்து பார்த்தபோது அவர் அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். எப்போதோ போய்விட்டிருந்தார். மடியில் கையெழுத்து அட்டை இருந்தது. அப்படி ஒரு பெரியம்மா இல்லை சார், நான் வாயில் வந்த பேரைச் சொன்னேன். அந்தப் பேரிலும் ஒரு அட்டை இருந்திருக்கிறது, தேடி எடுத்துவிட்டார். செங்கல் நகர்ந்து கதவு சாத்திக்கொண்டதாகவும், மூச்சிரைப்பில் இறந்ததாகவும் எழுதினார்கள். மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நண்பரைப் பார்க்கப் போவதாக அவர் சொன்னதை நான் தப்பாகக் கேட்டிருப்பேன் என்று அவளே சொல்லி, அவளே என்னைத் தேற்றினாள்.

அடுத்த காலாண்டில் விருது எங்களுக்கு. கேக் வெட்டினோம். மேலாளர் கேக்கின் முதல் துண்டை எனக்கு ஊட்டினார், கிரீம் மூக்கில் ஒட்டிக்கொண்டது, எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாம் கவுண்டருக்குப் புது ஆள் வரும்வரை நானே உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு நூற்று நாற்பது பச்சை. எனக்குச் சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்தது. சிவப்பு ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் உங்கள் சங்கீத டீச்சர் வந்தார். காதில் போன், கையில் பாஸ்புத்தகம் தலைகீழாக. தண்ணீர் கொடுத்தேன். "டீச்சர், குரல் எப்படி இருக்கு, பாடறீங்களா?" என்று விசாரித்தேன். முப்பத்தாறு வருடச் சேமிப்பை ஒரு கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்றார். யார் என்று கேட்கவில்லை. கையெழுத்து கோணலாக இருந்தது, அதையும் கேட்கவில்லை. நாலே நிமிடம். போகும்போது, "இவ்வளவு சீக்கிரம் முடிச்சுக் கொடுத்தியே, நல்லா இருப்பே கண்ணு" என்று சொல்லிப் பச்சையை அமுக்கினார். அது பதிவாகியிருக்கிறது, தேதியும் நேரமும் போட்டு. மறுவாரம் வந்து தரையில் உட்கார்ந்து அழுதார், "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். ஆனால் அன்றைக்கு அவர் பெட்டியைத் தொடவில்லை. ஆகவே அவருடைய கடைசிக் கருத்து பச்சைதான்.

இப்போது கொஞ்ச நாளாக வரிசையில் நிற்கிறவர்கள் கேட்கிறார்கள், "அந்தக் கேள்வி கேக்கற சார் எங்கே?" என்று. மக்களுக்குத் தங்களுக்கு எது பிடிக்கும் என்றே தெரியாது சார், யாராவது அவர்களுக்காகத் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

செங்கல்லைப் பற்றிக் கேட்கிறீர்கள். செங்கல் தானாக நகராது. நான்தான் காலால் நகர்த்தினேன். ரொம்ப மெதுவாக, சத்தம் வராமல். கதவு சாத்திக்கொண்டதும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். உள்ளே முதலில் இருமல். பிறகு தட்டினார். அவசரமில்லாமல், மூன்று மூன்றாக, நோட்டு எண்ணுகிறவர் மாதிரி. "கதவு சாத்திக்கிச்சு போலிருக்கு, யாராவது இருக்கீங்களா?" என்றார். பிறகு, "தங்கச்சி, நீ அங்கதான் இருக்கியாம்மா?" என்றார். மூன்று இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. இருபது நிமிடம் இருக்கும். நான் படியேறி வந்தேன்.

அவர் தட்டியது உண்மைதான். நான் மறைக்கவில்லை. ஆனால் எங்கள் விதிப்படி குறை என்று ஒன்று இருந்தால் அதை எழுத்தில் தர வேண்டும். அந்த அறை நிறையக் காகிதம், அவர் சட்டைப் பையில் பேனா. அப்படியிருந்தும் என்னைப் பற்றி அவர் ஒரு வரி எழுதி வைக்கவில்லை.