பெஞ்சின் அந்த ஓரம்

லைப்ரரி மிஸ்: …கேட்டைப் பூட்டப் போறாங்க சார். எந்திரிங்க.

கணக்கு சார்: பூட்டட்டும் மிஸ். செவுரேறிக் குதிச்சுப் போறேன்.

லைப்ரரி மிஸ்: இந்தத் தொப்பையை வெச்சுக்கிட்டா?

கணக்கு சார்: ம்… வாட்ச்மேன் தூக்கி விடுவாரு.

லைப்ரரி மிஸ்: மழை வேற வர்ற மாதிரி இருக்கு…

கணக்கு சார்: நேத்தும் இதையேதான் சொன்னீங்க. ஒரு சொட்டு விழல. ஆமா, நான் வீட்டுக்குப் போறதுல உங்களுக்கு என்ன இவ்வளவு அக்கறை?

லைப்ரரி மிஸ்: அக்கறையும் இல்ல, ஒண்ணும் இல்ல. லைப்ரரியைச் சாத்தணும்.

கணக்கு சார்: நான் வெளியதான உக்காந்திருக்கேன். சாத்துங்களேன்.

லைப்ரரி மிஸ்: நீங்க முதல்ல கிளம்புங்க, அப்புறம் சாத்துறேன்.

கணக்கு சார்: கொஞ்சம் உக்காருங்களேன்.

லைப்ரரி மிஸ்: ஐயோ, நான் மாட்டேன்ப்பா. நீங்கதான ப்ரேயர்ல மைக்கைப் புடிச்சு சொன்னீங்க? தப்பு பண்ணவங்க பெஞ்ச்ல இந்த ஓரம். மன்னிச்சவங்க தானா வந்து அந்த ஓரம். கூப்பிடக்கூடாது, பின்னாடி போய்க் கெஞ்சக்கூடாது…

கணக்கு சார்: சொன்னேன், சொன்னேன். பிள்ளைங்க நல்லாத்தான் கத்துக்கிட்டாங்க. மூணாம் கிளாஸ் வாண்டுங்க ரெண்டு, காலைல கட்டிப் புரண்டுச்சுங்க. மத்தியானம் இதே பெஞ்ச்ல தோள்ல கை போட்டுக்கிட்டு…

லைப்ரரி மிஸ்: உங்க பொண்ணுகிட்ட நீங்க வீட்டுலயே பேசியிருக்கலாம் சார்.

கணக்கு சார்: வீட்டுல எங்க இருக்கா? அன்னிக்கே பையைத் தூக்கிட்டு என் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. அவ அம்மா தவறினதுக்கு அப்புறம் நாங்க ரெண்டு பேருதான்… இப்ப டிவியைப் போட்டுட்டுதான் சாப்பிடுறேன். ஏதோ ஒரு குரல் கேக்கட்டும்னு.

லைப்ரரி மிஸ்: காப்பி அடிச்சது அவ இல்லைன்னு…

கணக்கு சார்: ரெண்டு பேப்பர்லயும் ஒரே தப்பு. இவளைத்தான் எழுப்பி நிக்க வெச்சேன். சொந்தப் பொண்ணுன்னு விட்டுட்டான்னு யாரும் சொல்லிடக்கூடாது பாருங்க… "நான் இல்லப்பா"ன்னா. கிளாஸே பாக்குது. "இங்க சார்னு கூப்பிடு"ன்னேன் மிஸ்.

லைப்ரரி மிஸ்: சார்…

கணக்கு சார்: மறுநாள் பக்கத்துல உக்கார்ற பொண்ணு அழுதுகிட்டே வந்து ஒத்துக்கிச்சு. அப்புறம் என்ன…

லைப்ரரி மிஸ்: தயவுசெஞ்சு கிளம்புங்க சார். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல.

கணக்கு சார்: என் தங்கச்சி கேட்ல வண்டியோட நிக்கிறாளா?

லைப்ரரி மிஸ்: …உங்களுக்கு எப்படி…

கணக்கு சார்: லைப்ரரி வாசல்ல என் பொண்ணோட ஷூ கிடக்குதே. லேஸை நான் சொல்லிக் குடுத்த மாதிரிதான் இன்னும் உள்ள சொருகி வெக்கிறா.

லைப்ரரி மிஸ்: சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா சார். நீங்க போனாத்தான் வெளிய வருவேங்கிறா, தினமும். இது தெரிஞ்சுமா இங்க வந்து உக்கார்றீங்க?

கணக்கு சார்: நான் உக்காந்திருக்கிற வரைக்கும்தான மிஸ் அவ அங்க இருப்பா. எந்திரிச்சா… போயிடுவாளே.