ஹார்லன் வீட்டுப் புல்வெளி அகலமான விதம்

சனிக்கிழமை காலையில் புல் வெட்டும் இயந்திரத்தின் சத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும். அடுத்தவர் தள்ளினால்.

திருமதி ஆக்ஸ்லி, குடியிருப்போர் சங்கத் தலைவர் என்ற முறையில் நீங்கள் கேட்கிறீர்கள், சொல்கிறேன். ஒஹாயோவில் மழைக்குக் குறைவில்லை. நம் தெருவில் புல் கணுக்காலுக்கு மேல் ஏறினால் சங்கத்திலிருந்து அபராதக் கடிதம் வருகிறது. ஆள் வைத்தால் கூலி. நாமே வெட்டினால் இயந்திரத்துக்குப் பெட்ரோல், நிலத்துக்கு உரம், விதை, தண்ணீர். ஓய்வு பெற்ற மனிதன் சிக்கனமாக இருப்பது இயல்புதானே.

பக்கத்து வீட்டு ஹார்லன் என் நெடுநாள் நண்பர். பள்ளிப் பேருந்து ஓட்டியவர். நம் வழக்கம் உங்களுக்கே தெரியும்: முன்புறம் வேலி கிடையாது. வெட்டும்போது பக்கத்து வீட்டுப் பக்கமும் மரியாதைக்கு ஒரு வரி சேர்த்து வெட்டுவோம். ஒரு கோடையில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஹார்லன் இரக்கப்பட்டு இரண்டு வரி வெட்டினார். அந்த இரண்டாவது வரி எத்தனை அழகாக இருந்தது தெரியுமா? யோசனை அங்கேதான் பிறந்தது.

எங்கள் எல்லைக்கு அடையாளம் நான் வைத்திருந்த பூந்தொட்டிகள் மட்டுமே. ஹார்லன் தேவாலயத்துக்குப் போகும் நேரம் பார்த்து, வாரா வாரம் அவற்றை என் வீட்டுப் பக்கமாக ஒரு சாண் நகர்த்தினேன். எல்லையைத் தள்ளி அடுத்தவன் நிலத்தைத் தின்பவர்கள் உலகத்தில் ஏராளம். நான் கொடுத்தேன். இதைக் குற்றம் என்றால் தர்மத்துக்கு வேறு பெயர்தான் தேட வேண்டும்.

அடுத்த கோடையில் தொட்டிகள் என் வாசற்படிக்கே வந்துவிட்டன. விதை, உரம், தண்ணீர் எல்லாம் ஹார்லன் செலவு. நான் என் இயந்திரத்தை விற்றுவிட்டேன்.

“யோவ் டெல்பர்ட், உனக்கென்னய்யா, கைக்குட்டை அளவு புல்லு. கத்தரிக்கோலே போதும். எனக்குத்தான் வெட்ட வெட்டத் தீர மாட்டேங்குது,” என்றார் ஒரு நாள், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

“பெரிய இடத்துக்காரன் இப்படியெல்லாம் புலம்பக் கூடாதுப்பா,” என்றேன்.

அவர் மனைவி கிரெட்டா என்னிடம் வந்து கண் கலங்கினாள்.

“முன்னெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடுவாரு. இப்ப பொழுது சாயுது. கேட்டா, புல்வெளி பெருசாயிட்டே போகுதுங்கறாரு. பயமா இருக்கு டெல்பர்ட்.”

“வயசாகுதில்ல கிரெட்டா. நீதான் அனுசரிச்சுப் போகணும்,” என்று ஆறுதல் சொன்னேன். அவள் சுட்டுக் கொண்டுவந்த ஆப்பிள் பை ருசியாக இருந்தது.

ஞாபகசக்தியைச் சோதிக்க ஹார்லனை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். கார்ச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். கடைசியில் வீட்டை விற்றுவிட்டு முதியோர் குடியிருப்புக்குப் போவதென்று முடிவாயிற்று. அன்று மாலை ஹார்லன் என் படியில் வந்து உட்கார்ந்தார்.

“நீயாவது நிஜத்தச் சொல்லுய்யா. என் புல்லு பெருசாச்சா, இல்ல எனக்குத்தான் புத்தி பிசகிப்போச்சா?”

“புல்லு மேல வளரும் ஹார்லன். பக்கவாட்டுல வளருமா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. தோளில் தட்டிக்கொடுத்தேன். எழுந்து போகும்போது, படியோரம் வெட்டாமல் விட்டிருந்த புல் கொத்தையும் காட்டினேன்.

வீட்டை வாங்க வந்த இளைஞர் நில அளவைக்காரரைக் கூட்டி வந்தார். அதனால் நான் உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறேன். ஆம், நகர்த்தியது நான்தான். ஹார்லனின் புத்தி தெளிவாகவே இருக்கிறது. இதைக் கிரெட்டாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர்கள் போகக் கூடாது. அந்த இளைஞர் கூலிக்கு ஆள் வைத்து வெட்டுகிறவராம். கூலியாள் எல்லைக்கு மேல் ஒரு வரிகூட வெட்ட மாட்டான். அதற்காகச் சொல்லவில்லை. நண்பரைப் பிரிய எனக்கு மனமில்லை.

தொட்டிகளையும் நானே பழைய இடத்தில் வைத்துவிடுகிறேன். பனிக்காலம் மட்டும் கழியட்டும். வீட்டு முன் நடைபாதையில் விழும் பனியைத் தள்ளுவது அந்தந்த எல்லைக்காரர் பொறுப்பு என்று நம் சங்க விதியே சொல்கிறதே.