வெள்ளிக்கிழமை ஆகாது

துபாயில் விசா அலுவலக வரிசை. எனக்கு முன்னால் நின்ற மதுரைப் பக்கத்துத் தம்பதி, ஜெர்மனி போவதற்கான பயணத் திட்டத்தை விரித்து வைத்திருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை யாராச்சும் துக்கம் கேக்கப் போவாங்களாங்க?" என்றார் மனைவி.

"துக்க வீடா அது? ஹிட்லர் யூத சனங்கள அடைச்சு வச்சுக் கொன்ன முகாம். இப்ப நினைவிடம். யாரு வேணா, என்னைக்கு வேணா போகலாம்."

"சாவு விழுந்த இடந்தானே? வியாழக்கிழமை போவோம்."

"வியாழக்கிழமை கார் ஃபேக்டரிக்கு டிக்கெட் போட்டாச்சு. மாத்த முடியாது."

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமை ஃப்ளைட்டு."

"ஃப்ளைட்டு இல்லைன்னாலும் சனிக்கிழமை ஆகாது."

"எண்பது வருஷம் ஆச்சுடி! துக்கம் கேக்க அங்க வீட்டு ஆளு யாரு உக்காந்திருக்கா?"

"அதத்தாங்க சொல்றேன். குடும்பம் குடும்பமாக் கொன்னிருக்கான். எத்தனையோ வீட்டுல, போய் துக்கம் கேக்க ஒரு ஆளு மிச்சமில்ல. நாமளாச்சும் நாள் பாத்துப் போவோம்."

கணவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கார் ஃபேக்டரியை அடித்தார். மனசு மாறிவிடுமோ என்று பயந்தவர்போல, இன்னொரு முறையும் அழுத்தி அடித்தார்.