வேஷம் போடும் அறையின் பூட்டு

என் பெயர் மயிலாத்தாள். வயது நாற்பத்திரண்டு. காலஞ்சென்ற சென்னியப்பனின் மனைவி. வேலந்தாவளத்துக்கு மேற்கே கள்ளியங்காட்டில் குடியிருந்து கடலையும் சோளமும் விவசாயம் செய்து வருகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும்.

அரிசி மில் முதலாளி சென்னிமலை என்மீது கொடுத்த புகாரை ஸ்டேஷனில் ஏட்டையா எனக்கு வாசித்துக் காட்டினார். நான் கூலி ஆட்களுடன் வந்து ஊர்க் கலையரங்கத்தின் அறைப்பூட்டை உடைத்ததாகவும், நாற்காலிகளை நொறுக்கியதாகவும், கடப்பாரையால் அவரைத் தாக்கியதாகவும் அதில் இருக்கிறது. பூட்டை உடைத்தது நான்தான். மற்றதை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு வருஷாவருஷம் நாடகம் போடுவார்கள். பொள்ளாச்சியிலிருந்து ஞானஜோதி என்ற நடிகையும் அவளுடன் மூன்று பெண்களும் வருவார்கள். அப்போது மேடை என்று ஒன்று கிடையாது. களத்தில் பந்தல் போட்டு, பின்னால் இரண்டு சேலைகளைக் கட்டிவிடுவார்கள். அதற்குள்தான் அந்தப் பெண்கள் உடை மாற்ற வேண்டும். 1972ஆம் வருஷ நோம்பியில் சில ஆண்கள் பின்பக்கமாக வந்து சேலையை இழுத்துவிட்டு டார்ச் விளக்கு அடித்தார்கள். நான் சேலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஞானஜோதி பாதி கட்டிய புடவையுடன் தரையில் குந்திக்கொண்டாள். அதன் பிறகு எழுந்து கட்டி முடித்துவிட்டுப் பந்தலுக்குப் போய்ப் பாடினாள். விளக்கு அடித்தவர்கள் முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்து கைதட்டினார்கள்.

அதன் பிறகு ஊருக்குக் கலையரங்கம் கட்டுவது என்று கோயிலில் கூட்டம் கூடியபோது, என் கடலைக்காட்டில் ரோட்டோரமாக இருக்கும் இடத்தைத் தருகிறேன் என்று சொன்னேன். பெண்கள் வேஷம் போடுவதற்குச் செங்கல் சுவர் வைத்துத் தனி அறை கட்ட வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் வேண்டும் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். சம்மதித்தார்கள். சென்னிமலையும் சம்மதித்தார்.

அதன் பிறகு வீட்டுக்கு ஒரு மூட்டை கடலை என்று கொடுத்தார்கள். காடு இல்லாதவர்கள் மண் சுமந்தார்கள், கல் உடைத்தார்கள். சந்தையில் மாட்டு வியாபாரிகளும் துண்டு ஏந்தி வசூல் செய்து கொடுத்தார்கள். சர்க்கார் கிராண்டுப் பணமும் கிடைத்தது. அதற்காகப் பார்க்க வந்த அதிகாரி, பெண்கள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து பார்த்து, இந்த வட்டாரத்தில் இப்படி ஒன்று வேறெங்கும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மேடைக்கு மரப்பலகை பாவினோம். கடைசி வரிசையில் பாய் விரித்து உட்காருகிறவர்களுக்கும் தெரியும்படி தரையைச் சரிவாகப் போட்டோம். தகரக் கூரையும் கரண்டு வேலையும் சென்னிமலையின் நன்கொடை. அதற்காக முகப்பு வளைவில் அவருடைய தகப்பனார் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னோம். எழுதிக்கொண்டார்.

இந்த வருஷம், 1974, தைப்பூசத்துக்கு மறுநாள் திறப்பு விழா. அன்று மத்தியானம் ஞானஜோதி பஸ்ஸில் இறங்கி, கலையரங்கத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பெட்டியுடன் என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, பழையபடிதானுங்களா? சேலை பிடிக்க நீங்க வர்றீங்களா?" என்று கேட்டாள்.

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் போய்ப் பார்த்தேன். பெண்கள் அறை பூட்டியிருந்தது. மேடைப் பக்கச் சுவரை இடித்து அகலமாக ஒரு ஜன்னல் வைத்திருந்தார்கள். அதன் வழியாகப் பார்த்தபோது உள்ளே மெத்தை நாற்காலிகளும் மின்விசிறியும் இருந்தன. பின்னால் சாக்கடை ஓரத்தில் நான்கு மூங்கில் நட்டுச் சாக்குப் படுதா கட்டியிருந்தார்கள். நடிகைகளுக்கு அதுதான் இடம் என்று அங்கே நின்ற மில் ஆள் சொன்னான்.

அதன் பிறகு வாசலில் வாழைமரம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த சென்னிமலையிடம் போனேன்.

"மில்காரரே, பொண்ணுகளுக்கு ரூம்புன்னு சொல்லித்தானுங்க எடம் குடுத்தேன். சாவியக் குடுங்க" என்றேன்.

பாலக்காட்டிலிருந்து வரும் பெரிய மனிதர்களைத் தரையில் உட்கார வைக்க முடியாது என்றார். அவர்கள் பந்தலில் உட்காரட்டும் என்றேன். அதற்கு அவர், "கூத்தாடறவளுக்கு எதுக்கு அம்மிணி கதவு? நாலு பேரு பாக்கறதுக்குத்தான அவ வர்றா" என்றார்.

ஞானஜோதி என் பின்னால் நின்று அதைக் கேட்டாள்.

நான் அவரை அடித்தேன். கடப்பாரை அப்போது என் கையில் இல்லை. கையால்தான் அடித்தேன். பின்னால் நகர்ந்தவர் வாழைமரம் தட்டி உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகுதான் வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துவந்து பூட்டை உடைத்தேன். நாற்காலிகளை ஊர்ப் பெண்கள் நாங்கள் சேர்ந்து வெளியே தூக்கி வைத்தோம். ஒன்றும் உடையவில்லை. வேண்டுமானால் வந்து பாருங்கள். ஜன்னலுக்குப் பலகை அடித்தது யார் என்று ஏட்டையா கேட்டார். அதை நான் சொல்லப் போவதில்லை.

அதன் பிறகு நடிகைகள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். சற்று நேரத்தில் சென்னிமலை மில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். கதவை இடித்துத் திறக்கும்படி அவர்களிடம் சொன்னார். நான் கதவில் சாய்ந்து நின்றேன். அப்போது விழாவுக்குப் பட்டுச்சேலை கட்டி வந்திருந்த அவருடைய மனைவி கமலாத்தாள் கூட்டத்திலிருந்து எழுந்து வந்தார். இருபது வருஷமாக அவர் கணவருக்கு எதிரில் நின்று பேசி நான் பார்த்ததில்லை. வெளியே கிடந்த மெத்தை நாற்காலி ஒன்றை இழுத்துவந்து கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"உள்ள பொண்ணுக துணி மாத்தறாங்க. அந்தப் பக்கம் போங்க" என்றார்.

மற்ற பெண்களும் வந்து அவரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். மில் ஆட்கள் தலையைக் குனிந்தபடி போய்விட்டார்கள். சென்னிமலையும் அவர்கள் பின்னால் போனார். நாடகம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கியது. ஞானஜோதி முழுதாக அலங்காரம் செய்துகொண்டு, அவசரமில்லாமல் நடந்து மேடைக்கு வந்தாள்.

மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சென்னிமலை சொல்லி அனுப்பியதை இங்கே என்னிடம் தெரிவித்தார்கள். எழுதித் தர மாட்டேன். அடித்ததற்குக் கோர்ட்டு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். அந்த அறையை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

கூலி ஆட்கள் என்று புகாரில் இருக்கிறது. கூலி வாங்கியவர்கள் யாரும் என்னுடன் இல்லை. கதவை மறித்தவர்களில் முதல் ஆள் புகார் கொடுத்தவரின் மனைவி. அந்தப் பெயரை அவர் புகாரில் விட்டுவிட்டார். கமலாத்தாளிடம் கேட்டுக்கொண்டுதான் நான் ஸ்டேஷனுக்கு வந்தேன். "என் பெயரையும் எழுதச் சொல்லுங்க" என்றார். எழுதிக்கொள்ளுங்கள்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை.

(ஒப்பம்) செ. மயிலாத்தாள்